பைனாரல்: இருசெவிக் கேட்டல்

ஒலிப்பதிவையும் காதுகேட்கும் கருவியையும் பற்றிய பேச்சில் இன்று தமிழிலும் புழங்கும் ‘பைனாரல்’ என்னும் சொல், ‘இரண்டிரண்டாக’ எனப் பொருள்படும் ‘பீனி’, ‘காது’ எனப் பொருள்படும் ‘ஔரிஸ்’ ஆகிய இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. இதனை ‘இரட்டைக் காது’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது உறுப்பின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. பைனாரல் குறிப்பதோ, இரு காதுகளும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையை.

வலப்புறம் எழும் ஒலி வலக்காதை முதலில் எட்டி, தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதைச் சேர்வதற்கு, மிகுதியாகப் போனால், ஏறத்தாழ 0.65 மில்லிநொடி பிந்துகிறது. அதிலும் 0.01 மில்லிநொடி வேறுபாட்டைக்கூடச் செவிகள் உணரவல்லவை. அந்தச் சிறு பொழுதில் காற்றில் ஒலி கடக்கும் தொலைவு சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான். நேர் எதிரே எழும் ஒலி ஒரு பாகை விலகினாலும் நாம் கண்டுகொள்வது இதனால்தான். தாழ்ந்த சுருதிகளில் இந்தக் காலவேறுபாடும், உயர்ந்த சுருதிகளில் தலை மறைப்பதால் உண்டாகும் உரப்பு வேறுபாடும் திசையைக் காட்டுகின்றன என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907இல் விளக்கினார்.

இச்சொல்லின் பொருள் எங்கள் இராமநாதபுரக் கடலில் மிகத் தெளிவாக விளங்கும். மண்டபத்தை ஒட்டிய தீவுகளருகே, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு பாசி எடுக்க முங்கும் பெண்ணுக்கு, தொலைவில் வரும் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் நீருக்குள் நன்றாகவே கேட்கும். அது வடக்கே வாடைப் பக்கமிருந்து வருகிறதா, மேற்கே கச்சான் பக்கமிருந்து வருகிறதா என்பதுதான் பிடிபடாது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர், அதாவது காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்வதால், இரு காதுகளுக்கும் இடையிலான காலவேறுபாடு கால் பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. மண்டையோட்டின் வழியாகவும் ஒலி உட்செவியை எட்டுவதால் தலையின் மறைப்பும் பயன்படுவதில்லை. அவளுடைய காதுகள் இரண்டும் பழுதற்றவை. சேர்ந்து திசை காட்டும் வேலைதான் அங்கே நின்றுபோகிறது. தலையை வெளியே நீட்டிப் பார்த்த பிறகே அவள் மறுமுறை முங்க முடிகிறது.

இனித் தமிழ்ச் சொல். ‘செவி’ நமக்கும் தெலுங்குக்கும் பொது. கன்னடத்தில் அது ‘கிவி’. இணையடி, இணைவிழி போல ‘இணைசெவி’ என்பது அழகான ஆக்கமே. ஆயினும் ‘இணைப்பேராசிரியர்’ போன்ற வழக்குகளுக்குப் பழகிய இன்றைய வாசகர் அதனைத் துணைச்செவி என்று கொள்ளக்கூடும். ‘கேள்வி’ என்னும் பழஞ்சொல் கேட்டலைக் குறித்ததுதான்; இப்போது வினாவாகவே ஒலிக்கிறது. உயிர் முன் ‘ஈர்’, மெய் முன் ‘இரு’ என்னும் வழக்கின்படி ‘இருசெவி’ என்று கொண்டு, வேலையைக் குறிக்கும் ‘கேட்டல்’ என்பதையும் சேர்த்து ‘இருசெவிக் கேட்டல்’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். அடைமொழியாக வருமிடத்தில் ‘இருசெவி ஒலிப்பதிவு’ என்றாலே போதும்.

இதன் எதிர்ச்சொல் ‘ஒருசெவிக் கேட்டல்’. முங்கி எழுந்தவளின் ஒரு காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டிருக்க, வள்ளத்திலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட, அவள் கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளே, அது ஒருசெவிக் கேட்டல்.