மால்ட் மில்லுக்கு எந்த மோட்டார்?

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைக்கும் கருவியை மில் என்று சொன்னதும் நமக்கு மாவு மில் ஞாபகம் வரும். ஆனால் இரண்டுக்கும் வேலை நேர் எதிர். மாவு மில்லில் போட்டது பூப்போல வந்தால் சந்தோஷம்; பீருக்கு உடைக்கும் மால்ட் அப்படி வந்தால் அன்றைக்குக் காய்ச்சும் பீர் கெட்டது. உள்ளே இருக்கும் மாச்சத்து நொய்யாக உடைய வேண்டும், மேலே இருக்கும் உமி கிழியாமல் தங்க வேண்டும். உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாச்சத்து சர்க்கரையாகிறது. அந்த இனிப்பு நீரை வடிக்கும்போது உமிதான் வடிகட்டி. அது தூளாகிவிட்டால் பாத்திரத்தின் அடியில் களி போலப் படிந்து, குழாயைத் திறந்தாலும் ஒரு சொட்டு இறங்காது.

வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய சட்டம் 1979 முதல் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். அதனால் கீழே வரும் கணக்கெல்லாம் அமெரிக்காவில் கிடைக்கும் பாகங்களுக்கும் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் பொருந்தியவை. 19 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ மால்ட் வேண்டும்.

வீட்டு மில்களில் பெரும்பாலானவை இரண்டு ரோலர் கொண்டவை. ஒன்றைத்தான் நாம் சுற்றுகிறோம். மற்றது சும்மா புஷ்ஷில், அதாவது ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையத்தில், உட்கார்ந்திருக்கும். நடுவே சிக்கும் தானியம்தான் அதை இழுத்துச் சுற்றவைக்கிறது. மில்லில் வரும் கோளாறுகளில் பாதிக்கு வேர் இங்கேதான். 2.8 மி.மீ. தடிமனுள்ள தானிய மணியை 1 மி.மீ. இடைவெளிக்குள் இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரோலர் விட்டம் 32 மி.மீ. என்றால், மணிக்கும் இரும்புக்கும் இடையே உராய்வுக் கெழு (பிடிப்பு எவ்வளவு என்று சொல்லும் எண்) குறைந்தது 0.33 இருந்தால்தான் மணி உள்ளே போகும். குறைந்தால் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். 50 மி.மீ. ரோலருக்கு 0.27 போதும். ரோலர் பெரிதானால் பிடிக்கும் கோணம் சாய்வாகிவிடுகிறது, அவ்வளவுதான். சின்ன ரோலர்களில் நர்லிங், அதாவது பிடிப்புக்கான சொரசொரப்பு வரிகள், ஆழமாக வெட்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது வேகம். நிமிடத்துக்கு 150 முதல் 300 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மணி பிடிபடாமல் துள்ளும், உமி கிழியும், சும்மா சுற்றும் ரோலர் பின்தங்கும். மெதுவாக ஓடினால் நேரமாகுமே என்ற பயம் தேவையில்லை. 38 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளமுள்ள ரோலர் 200 சுற்றில் ஓடினால் அதன் மேற்பரப்பு நிமிடத்துக்கு 24 மீட்டர் நகர்கிறது. 1 மி.மீ. இடைவெளியில் அது நிமிடத்துக்கு 3.6 லிட்டர் சரக்கைத் தள்ளும். பாதிதான் நிரம்பி ஓடுகிறது என்றாலும் 5 கிலோ ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கையில் இருக்கும் டிரில்லை மாட்டி ஓட்டுவதுதான் சுலபமான வழி. ஆனால் எந்த டிரில் என்பது முக்கியம். நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றும் சின்ன டிரில்லை விசையை லேசாக அழுத்தி 200-ல் ஓட்டினால், அதே ஷாஃப்ட்டில் இருக்கும் விசிறியும் 2500-க்குரிய காற்றைத் தராது. சுமையோ முழுசாக இருக்கிறது, மின்னோட்டம் ஏறுகிறது, காயிலின் வார்னிஷ் கருகும் வாசனை வருகிறது. 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) கொண்ட, அதிகபட்சமே 550 சுற்றுள்ள டிரில் இந்த வேலைக்குச் சரி. பேட்டரி டிரில் என்றால் கியரை 1-ல் போட்டு, கிளட்ச்சை நடு எண்ணில் வையுங்கள். கல் சிக்கினால் கிளட்ச் 'டக் டக்' என்று விட்டுக்கொடுக்கும், மணிக்கட்டு பிழைக்கும்.

நிரந்தரமாக வைப்பதென்றால் அரை குதிரைத்திறன், நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார். சுமையோடு அது 1725 சுற்று ஓடும், முறுக்குவிசை, அதாவது சுற்றும் பலம், 2 நியூட்டன் மீட்டர்தான். இதை நேரடியாக மில்லில் இணைத்தால் வேகம் ஆறு மடங்கு அதிகம், முறுக்கு போதாது. இரண்டு விதத்திலும் தப்பு. மோட்டாரில் 2 அங்குல புல்லி, மில்லில் 12 அங்குல புல்லி போட்டு வி-பெல்ட் மாட்டினால் 287 சுற்றும், இழப்பு போக 11 நியூட்டன் மீட்டருக்கு மேலும் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் அதே புல்லி 240 சுற்று தரும், அது இன்னும் நல்லது. கியர் மோட்டாரை நேரடியாக இணைப்பவர்களும் உண்டு. அதற்கு இரண்டு ஷாஃப்ட்டையும் சேர்க்கும், நடுவில் ரப்பர் வைத்த ஜா கப்ளிங் வேண்டும். இறுக்கமான கப்ளிங் போட்டால் மயிரிழை விலகல்கூட புஷ்ஷைத் தின்றுவிடும். என் ஓட்டு பெல்ட்டுக்குத்தான். கல் சிக்கினால் பெல்ட் வழுக்கும், கியர் வழுக்காது.

மில்லை 18 மி.மீ. பிளைவுட்டில் போல்ட் போட்டு இறுக்கி, கீழே மால்ட் விழ ரோலர் நீளத்துக்கு ஒரு துளை வெட்டுங்கள். டிரில்லால் ஓட்டுவதென்றால் பலகையை வாளி மேலேயே வைக்கலாம். அடியில் இரண்டு சட்டம் அடித்தால் விளிம்பில் நகராது. மோட்டாரையும் அதே பலகையில் ஏற்றினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து வாளி கவிழும். அதற்குக் காலுள்ள மேசையே சரி, வாளி கீழே. மோட்டாரைக் கீல் போட்ட பலகையில் வைத்தால் அதன் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். இரண்டு புல்லியின் முகத்திலும் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். கோணல் இருந்தால் பெல்ட்டின் ஒரு விளிம்பு தேய்ந்து கறுப்புப் பொடி உதிரும், அது போய்ச் சேரும் இடம் மால்ட் வாளி. பெரிய புல்லியை மில்லின் புஷ்ஷுக்கு எவ்வளவு நெருக்கமாக மாட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக மாட்டுங்கள். புல்லியை ஷாஃப்ட்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டைத் தட்டையாக ராவாவிட்டால் நாலு முறை ஓடுவதற்குள் புல்லி தனியே சுற்றும்.

மோட்டார் முழுக்க மூடிய வகையாக இருக்கட்டும். மால்ட் தூசி திறந்த மோட்டாருக்குள் போய் அப்பிக்கொள்ளும். பெல்ட்டுக்கு மூடி, மோட்டாருக்கு எர்த், கை எட்டும் இடத்தில் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். பெல்ட் மாட்டுமுன் சுழலும் திசையைப் பாருங்கள்: ரோலர்கள் மேலிருந்து உள்நோக்கிச் சுற்ற வேண்டும். முதலில் மோட்டார், பிறகு தானியம். தொட்டியை நிரப்பிவிட்டுச் சுவிட்ச்சைப் போட்டால் மோட்டார் நகராமல் உறுமும். ஓரிரு நொடிக்குள் அணைக்காவிட்டால் காயில் சூடாகிவிடும்.

ரோலர் இடைவெளியை ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வைத்து ரோலரின் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். பார்லிக்கு 1 மி.மீ.-ல் தொடங்கலாம், கோதுமை மால்ட் மணி சிறியது என்பதால் 0.8. பிறகு ஒரு பிடி உடைத்து உள்ளங்கையில் பரப்புங்கள். உமி இரண்டாகப் பிளந்த சிப்பி மாதிரி இருக்கும், அதை ஊதினால் அடியில் வெள்ளை நொய் இரண்டு மூன்று துண்டாகக் கிடக்கும், விரலில் கொஞ்சம் மாவு ஒட்டும். முழு மணி கண்ணில் பட்டால் 0.05 மி.மீ. குறையுங்கள். மாவுதான் அதிகம் என்றால் கூட்டுங்கள். உமி ரொம்ப நொறுங்கினால், உடைக்கப் பத்து நிமிடம் முன்பு 5 கிலோவுக்கு 100 மி.லி. தண்ணீரைத் தெளித்துக் கிளறினால் உமி தோல் போலத் துவளும். அதற்கு மேல் தெளித்தால் ரோலரில் பசையாக ஒட்டும்.

திடீரென்று மால்ட் இறங்காமல் நின்றால், சும்மா சுற்றும் ரோலரைப் பாருங்கள். பெரும்பாலும் அது நின்றிருக்கும், ஓடும் ரோலர் மட்டும் மணியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, புஷ்ஷில் அடைத்த தூசியை பிரஷ்ஷால் எடுத்து, உணவுத் தர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். அப்படியும் நின்றால் நர்லிங் மழுங்கிவிட்டதா, இடைவெளி மிகக் குறைவா என்று பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் காய்ந்த பிரஷ் மட்டும். தண்ணீர் பட்டால் இரும்பு ரோலர் மறுநாளே துருப்பிடிக்கும். உடைப்பதையும் நொதிக்கவைக்கும் அறையிலிருந்து தள்ளிச் செய்யுங்கள். மால்ட் தூசியில் லாக்டிக் அமில பாக்டீரியா ஏராளம், ஆறிய வோர்ட்டில், அதாவது வடித்த இனிப்பு நீரில், அது விழுந்தால் பீர் புளிக்கும்.