ஆல்கலினிட்டி: காரமா, தாங்குதிறனா?

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை முதன்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு வரியில், நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணான பி.எச். 7.2 என்றிருக்கும், அதாவது ஏறத்தாழ நடுநிலை. இரண்டு வரி தள்ளி, மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றிருக்கும். நடுநிலையான நீரில் இவ்வளவு காரம் எங்கிருந்து வந்தது? சோதித்தவர் தப்பாக அளக்கவில்லை. ஆல்கலினிட்டி என்ற சொல்லைக் காரத்தன்மை என்று அப்படியே பெயர்த்ததில்தான் சிக்கல்.

மூலச் சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. அரபியில் அல்-கலி என்றால் உமரி போன்ற உவர்நிலச் செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பல். சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவையான சோடா அந்தச் சாம்பலிலிருந்துதான் வந்தது. அதுவே லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் ஆல்கலி ஆனது. 1807-இல் ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்த பொட்டாசியத்துக்கு இன்றும் கே என்ற குறியீடு இருப்பதும் கலியம் என்ற லத்தீன் பெயரால்தான். அதற்கும் வேர் அதே அரபிச் சாம்பல்.

நம் காரமும் சாம்பலில் பிறந்ததுதான். வடமொழியின் க்ஷாரம், தாவரச் சாம்பலில் நீரூற்றி வடித்துக் காய்ச்சிய அரிக்கும் பொருளைக் குறித்தது. அது தமிழில் காரமாகி, மிளகாயின் உறைப்புக்கும் பெயராயிற்று. ஆக, காரத்தன்மை என்று படிக்கும்போது நாக்கு ஒன்றை நினைக்கிறது, பள்ளிப் பாடம் இன்னொன்றை நினைக்கிறது. நீர் வேதியியல் சொல்வதோ இந்த இரண்டையும் அல்ல.

ஆறு, ஏரி, நிலத்தடி நீர் எதுவானாலும், அதில் ஆல்கலினிட்டி என்பது அந்த நீர் எவ்வளவு அமிலத்தை வாங்கிச் செயலிழக்கச் செய்ய முடியும் என்ற அளவு. நீர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை பி.எச். சொல்லும். எவ்வளவு அடி வாங்கித் தாங்கும் என்பதை ஆல்கலினிட்டி சொல்லும்.

ஆய்வுமேசையில் இது கண்ணெதிரே தெரியும். மேலே சொன்ன நீரில் 100 மில்லிலிட்டர் எடுத்து, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து 0.02 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு செந்நிற இழை சுழன்று, குடுவையை ஆட்டியதும் மறைந்துவிடும். விட விட மறையும். பொறுமை போய்விடும் போலிருக்கும். ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் இறங்கிய பிறகுதான் நிறம் ஆரஞ்சாக மாறி நிற்கும்; அப்போது பி.எச். 4.5-ஐ ஒட்டி வந்திருக்கும். இந்த அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிலிட்டர் அமிலத்துக்கு 10 மில்லிகிராம் கணக்கு, எனவே 300. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் என்ற அடைமொழி அதனுடன் வரும். அவ்வளவு கால்சியம் கார்பனேட் நீரில் கிடக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒப்பிடுவதற்கான பொது அலகு, அவ்வளவே.

இப்போது ஒரு லிட்டர் வடிநீரில் 4 மில்லிகிராம் எரிசோடாவைக் காற்றுப் படாமல் கரைத்துப் பாருங்கள். பி.எச். 10-க்கு ஏறிவிடும். பள்ளிப் பாடப்படி இதுதான் நல்ல காரநீர். இதே சோதனையைச் செய்தால் அரை மில்லிலிட்டர் சொச்சம் அமிலத்திலேயே தாங்குசக்தி தீர்ந்துவிடும். ஆல்கலினிட்டி வெறும் 5. பி.எச். 7.2 உள்ள நீர் 300 தாங்குகிறது, பி.எச். 10 உள்ள நீர் 5 தாங்குகிறது. இரண்டையும் காரத்தன்மை என்ற ஒரே பெயரால் அழைத்தால் எப்படி விளங்கும்?

தாங்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் பைகார்பனேட். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக, பி.எச். 5.6 அளவில் விழுகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சில் இன்னும் கொஞ்சம் அந்த வாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைக்கிறது. சுண்ணாம்புப் பாறையானால் கால்சியமும் பைகார்பனேட்டும் தாராளமாக வரும். கருங்கல் லேசில் கரையாது. அதன்மேல் ஓடிவரும் நீரில் தாங்குதிறன் மிகக் குறைவு.

அந்தக் குறைவின் விலையை ஸ்காண்டிநேவியா கண்டது. தொழிற்சாலைப் புகையால் அமிலமான மழை, கருங்கல் நிலத்து ஏரிகளில் ஆண்டுக்கணக்கில் விழுந்தது. பைகார்பனேட் தீரும்வரை பி.எச். பெரிதாக அசையவில்லை. தீர்ந்தபின் மளமளவென்று சரிந்தது, மீன்கள் அழிந்தன. ஸ்வீடனின் மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடேன் 1967-இல் அமில மழையைப் பற்றி எச்சரித்தார். பின்னர் அந்நாடு ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்ட வேண்டியதாயிற்று. பி.எச்.-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், சேதி தெரியும்போது ஏரி கைவிட்டுப் போயிருக்கும்.

இதற்கு எதிரான காட்சியும் உண்டு. பாசி படர்ந்த குளத்தில் காலையில் 7.5 இருந்த பி.எச்., நல்ல வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிற்பகலில் 9-ஐத் தொடும். சுண்ணாம்பு படியாதவரை ஆல்கலினிட்டி ஏறத்தாழ அப்படியே நிற்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? காரத்தன்மையை பி.எச். 7-க்கு மேற்பட்ட நிலைக்கே விட்டுவிடலாம்; அங்கே அது பொருந்துகிறது. உவர்மை உப்புக்கு உரியது. களர் நல்ல பழஞ்சொல், கல்லாதவரைக் களருக்கு ஒப்பிடுகிறது குறள். ஆனால் அது நிலத்தைக் குறிப்பது. தாங்கல் எனக்குப் பிடித்த சொல். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நீர்நிலை என்ற பொருளில் இன்றும் நிற்கிறது, பாடநூல்களில் பி.எச். எளிதில் மாறாத கரைசலுக்குத் தாங்கல் கரைசல் என்றும் வழங்குகிறது. அப்படி ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயராகிவிட்டதால் தனியாகப் பயன்படாது. எதைத் தாங்குகிறது என்பதையும் சேர்த்து அமிலந்தாங்குதிறன் என்பதே சரியான பெயர் என்பேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் படித்தவுடன் பொருள் விளங்குகிறது, எதிர்ச்சொல்லும் தானே கிடைக்கிறது: அறிக்கையில் அசிடிட்டி என்று வருவது காரந்தாங்குதிறன்.

படிகாரத்தை வைத்தே இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். பெயரில் காரம் இருந்தாலும் நீரில் கரைந்தால் அது அமிலம்போல் நடந்து பைகார்பனேட்டைத் தின்னும். நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் என்று இடும் அலுமினியம் சல்பேட், மில்லிகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் ஆல்கலினிட்டியை எடுத்துக்கொள்ளும். “படிகாரம் இட்டால் நீரின் காரத்தன்மை குறையும்” என்று எழுதினால் படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். “படிகாரம் இட்டால் அமிலந்தாங்குதிறன் குறையும், மிகவும் குறைந்தால் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்” என்று எழுதினால் பணியாளருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.