சுகர் நோட்டில் கூடுதலாக ஒரு வரி

வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இங்கே கிடைக்கும் பயிற்சியில், உடம்பைப் பொறுத்தவரை பெரிதாகக் குறை சொல்ல முடியாது. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, இன்சுலின் போடுவது எல்லாம் சீக்கிரமே கைப்பழக்கமாகிவிடும். மனநலம் என்று வரும்போதுதான் "அன்பாப் பேசணும், பொறுமையா இருக்கணும்" என்பதோடு வகுப்பு முடிந்துபோகிறது. அன்பும் பொறுமையும் இவர்களில் பலரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த மாற்றத்தைப் பார்த்தால் யாரிடம், எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்கள் சொன்னாலும் கேட்க ஆளில்லை.

கோவையில் முதியோர் மனநலம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசுவார். உள்ளூர் உறவினர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பார். பார்த்துக்கொள்கிற பெண் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அம்மா ராத்திரி எத்தனை முறை எழுந்தார், மலம் கழித்து எத்தனை நாளாயிற்று, டிவி பார்ப்பதை எப்போது நிறுத்தினார் என்று நான் கேட்பதற்கெல்லாம் பதில் அந்த பெஞ்சில்தான் இருக்கிறது. உள்ளே கூப்பிட்டால், "அந்தம்மாவுக்கு என்னங்க தெரியும் டாக்டர்" என்பார்கள்.

ஆகவே பயிற்சி வகுப்பில் நோய்களின் பெயர்களை நான் அதிகம் சொல்வதில்லை. "எப்ப இருந்து இப்படி?" என்ற ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறேன்.

நேற்று வரை பேப்பர் படித்த பெரியவர் இன்று சாயங்காலம் போர்வையைப் பிடித்து இழுக்கிறார், இறந்துபோன தம்பியைக் கூப்பிடுகிறார் என்றால், அது வயசுக் கோளாறும் அல்ல, காத்துக் கருப்பும் அல்ல. சில மணி நேரத்தில், சில நாளில் வரும் இப்படிப்பட்ட குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உடம்பில் ஏதோ ஒன்று இருக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்பு குறைவது, நீர் வற்றுவது, கடுமையான மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை. சளிக்கு என்று கடையில் வாங்கித் தரும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகூடப் போதும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதிலேயே சத்தமில்லாத வகை ஒன்று உண்டு. ஆள் மந்தமாகிவிடுவார், கூப்பிட்டால் கண் திறந்து மூடுவார். வீடே "இன்னிக்குத்தான் நல்லாத் தூங்கறாரு" என்று நிம்மதியாக இருக்கும். தவறவிடப்படுவதில் இதுதான் அதிகம். முந்தின வாரம் அவர் எப்படி இருந்தார் என்று தெரிந்தவரால்தான் இதைப் பிடிக்க முடியும்.

வாரக்கணக்கில் படிப்படியாக மாறினால் மனச்சோர்வை நினைக்கலாம். நம் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று வந்து நிற்பதில்லை. வயிறு எரியுது, கால் குடையுது, நெஞ்சு படபடங்குது, சாப்பாடு இறங்கல என்பார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் முடிந்து கடைசியில்தான் எங்களிடம் வருவார்கள். தைராய்டையும் பி12 அளவையும் பார்ப்பது அவசியம்தான். அதோடு சேர்த்து, பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும். தினமும் விளக்கேற்றியவர் இரண்டு வாரமாகப் பூஜை அறைப் பக்கமே போகவில்லை என்றால் அது ஒரு தகவல்.

"போய்ச் சேர்ந்தா தேவலை" என்பதை நம் வீடுகளில் பேச்சுவழக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் வெறும் சலிப்புதான். ஆனால் எல்லா நேரமும் அல்ல. முதியவர்களின் தற்கொலை முயற்சிகளில் பிழைப்பவர்கள் இளையவர்களைவிடக் குறைவு. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று வாயடைக்காமல், "உயிரை விட்டுடலாம்னு தோணுதுங்களா? ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சீங்களா?" என்று நேராகக் கேட்கப் பழக்குகிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடக் கூடாது. மாத்திரை டப்பாவும் தோட்டத்துப் பூச்சி மருந்தும் பூட்டுக்குள் போக வேண்டும். அன்றே குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும்.

வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவது மறதி நோய். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. இங்கே பயிற்சியின் பாரமெல்லாம் சின்னச் சின்ன நடைமுறைகளில் இருக்கிறது. குளிக்க மறுப்பவர் தலையில் திடீரென்று தண்ணீர் ஊற்றக் கூடாது. சொல்லிவிட்டு, பாதத்தில் ஒரு சொம்பு விட்டு, மெல்ல மேலே வர வேண்டும். இறந்துபோன கணவரை "எங்கே காணோம்" என்று பாட்டி தேடினால், ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொல்லத் தேவையில்லை. "ஐயாவுக்கு என்ன பலகாரம் பிடிக்குமுங்க?" என்று அவர் பேச்சையே எடுக்கலாம். காதும் கண்ணும் மங்கியவரின் நிலை புரிவதற்காக, வகுப்பில் ஒருவருக்குக் காதில் பஞ்சு வைத்து, மூக்குக் கண்ணாடியில் வாசலின் தடவி மாட்டிவிட்டு, இன்னொருவரை ஒன்றும் சொல்லாமல் ஊட்டிவிடச் சொல்வேன். முதல் கரண்டியிலேயே தலை பின்னால் போகும். என் அரை மணி நேரப் பேச்சைவிட அது மேல்.

"என் வளையலை இவதான் எடுத்தா" என்ற குற்றச்சாட்டு இந்த நோயில் மிகச் சாதாரணம். வைத்த இடம் மறந்துபோகும். மறந்தோம் என்பதும் மறந்துபோகும். சேர்ந்து தேடுங்கள், வாதாடாதீர்கள் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? குடும்பம் பையைச் சோதித்து, போலீஸ் வரைக்கும் பேசும். இது வரும் என்று வேலைக்குச் சேரும் நாளிலேயே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும், நகையை முன்னாலேயே பேங்க் லாக்கருக்கு அனுப்பிவிட வேண்டும். பயிற்சி தேவைப்படுவது சம்பளம் வாங்குபவருக்கு மட்டும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

டாக்டர் பட்டம் இல்லாதவர்களால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு கோவாவைக் காட்டுவேன். அங்கே லேசான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பிரச்சினையைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்பது, தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது, சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்வது, அரசு உதவிகளைப் பெறுவது ஆகியவற்றில் உதவியவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். முழு மனச்சோர்வு நோய் வந்தவர்கள் இந்த உதவி கிடைத்த குழுவில் 4.4 சதவீதம்; வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 14.4. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். தூக்கத்தையும் ஆர்வத்தையும் பற்றி இரண்டு கேள்வி கேட்க அவர்களைப் பழக்குவது பெரிய செலவல்ல.

வீட்டில் சுகர் அளவு குறிக்கும் நோட்டு இருக்கும். அதிலேயே தினமும் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன்: தூங்கினாரா, சாப்பிட்டாரா, பேசினாரா, நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது. எழுத வராதவர் போனில் பேசிப் பதிவு செய்யலாம். மருத்துவரிடம் வரும்போது நோட்டையும் எழுதியவரையும் உள்ளே கூட்டி வாருங்கள்.

எழுதுகிறவர் தூங்கியிருக்கவும் வேண்டும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, ராத்திரி நாலு முறை எழுந்து, மாதக்கணக்கில் லீவே இல்லாமல் இருப்பவர் மாற்றத்தைக் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சம்பளமில்லாமல் இதையே செய்யும் மருமகளுக்கும் மனைவிக்கும் இது பொருந்தும். வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மற்ற அறிவுரைகளைத் தொடங்க வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்கிறவர் தனக்காகவும் அழைக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.