ஈ ஆடிய ஆட்டமும் இதயத்தின் சோம்பேறிக் கதவும்

"அலர்ஜி மாத்திரை இதயத் துடிப்பைக் கெடுக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்று கெடுத்திருக்கிறது. டெர்ஃபெனடின் என்ற அந்த மருந்தை 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கினார்கள்.

துடிப்பின் மின்கதை பள்ளியில் படித்ததுதான். சோடியம் உள்ளே பாய்கிறது, கால்சியம் பின்தொடர்ந்து தசையைச் சுருக்குகிறது, பொட்டாசியம் வெளியேறியதும் செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வம்பு அந்தக் கடைசிப் படியில்தான்.

பொட்டாசியம் வெளியேறும் வழிகளில் ஒன்று 'ஹெர்க்' என்ற புரதக் குழாய். அதற்கு இரண்டு கதவுகள். மின்னழுத்தம் ஏறும்போது உள்கதவு மெதுவாகத் திறக்கும். வெளிவாயோ அதைவிட வேகமாக இறுகிவிடும். வழி இருந்தும் ஓட்டம் இல்லை! மின்னழுத்தம் இறங்கத் தொடங்கியதும் வெளிவாய் சட்டென விடுபடும். உள்கதவு சோம்பேறி, நிதானமாகத்தான் மூடும். அந்த இடைவெளியில் பொட்டாசியம் கொட்டித் தீர்க்கிறது. சுருங்கத் தேவையான சுமார் 0.3 நொடி வரை காத்திருந்து, பிறகு வேலையை முடித்துவைக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

குழாயின் நடுவே ஓர் அறை. அதன் சுவரில் டைரோசின், ஃபினைல்அலனின் என்ற வளைய அமினோ அமிலங்கள். டெர்ஃபெனடின் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பொட்டாசியம் தேங்க, ஈ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி, அதாவது துடிப்பின் மின்னோட்டம் தொடங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் வரையான நேரம், நீளும். அதற்குள் கால்சியம் வழிகள் மறுபடி விழித்துக்கொண்டால் வேளைகெட்ட துடிப்பு ஒன்று கிளம்பும். அதிலிருந்து ஈ.சி.ஜி. கோடே கயிறுபோல முறுக்கிக்கொள்ளும் ஆபத்தான தாளம் பிறக்கலாம்.

இந்தக் குழாயின் மரபணுவே பழுதாகப் பிறப்பவர்களும் உண்டு. அவர்களில் சிலர் திடீர் அலாரச் சத்தத்துக்கே மயங்கி விழுவார்கள். வலிப்பு என்றோ வெறும் பயம் என்றோ முத்திரை குத்துமுன் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

ஹெர்க் குடும்பத்தின் முதல் மரபணு அகப்பட்டது பழ ஈயில். ஈதர் மயக்கத்திலும் கால்களை உதறி ஆடிய ஈக்களை 1960களில் ஆராய்ந்தார்கள். 1995-ல்தான் அதன் மனித உறவுக்காரனுக்கும் இதயக் கோளாறுக்கும் முடிச்சு விழுந்தது. ஈ ஆடுவதைப் பார்க்க எதற்கு நிதி என்று கேட்பவர்களை நிறுத்தி வைத்து இந்தக் கதையைச் சொல்லத் தோன்றும்.

சரி, டெர்ஃபெனடினை விழுங்கிய எல்லோருக்கும் ஏன் கெடவில்லை? கல்லீரல் அதை உடனுக்குடன் ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றிவிடும். அது ஹெர்க்கை அடைக்காது. கூடவே பூஞ்சை மருந்தான கீட்டோகொனசோல் சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைபடும். இப்போது கடையில் கிடைப்பது ஃபெக்ஸோஃபெனடின்தான்.