ஓய்வுக்காலத்தில் ஹோமர் புறா: ஒரு கால்நடை மருத்துவர் சொல்ல விரும்புவது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கிராமத்துப் பக்கம் குடியேறியவர்களில், தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பிவிடும் ஹோமர் புறாவை வளர்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தாராளமாக வளருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை இவர்களுடைய புறாக்கள் கவனிப்பு இல்லாமல் கெடுவதில்லை, கவனிப்பு மிஞ்சித்தான் கெடுகின்றன. வேலைக்குப் போகிறவர் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் கூட்டில் நின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்றவருக்கு நாள் முழுக்க நேரம். தீவன டப்பாவோடு மணிக்கொரு தரம் போவார், கூட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்காருவார், பொரிக்கிற குஞ்சையெல்லாம் வைத்துக்கொள்வார்.

கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஜோடி ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். பதினேழு பதினெட்டு நாள் அடைகாத்தால் குஞ்சு. ஒரு மாதத்தில் குஞ்சு தானாகத் தின்னத் தொடங்கும். அதற்குள் தாய் அடுத்த முட்டையை இட்டிருக்கும். நாலு ஜோடியோடு ஆரம்பித்தவர் ஒரு வருடத்தில் எங்கே போய் நிற்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வேண்டாத முட்டையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். வெறுமனே எடுத்தால் பெட்டை சில நாளிலேயே மறுபடி முட்டை இட்டு இளைத்துப்போகும். பருவம் முடிந்ததும் ஆணையும் பெட்டையையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

கூட்டின் அழகைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும், மழைச்சாரல் உள்ளே வரக்கூடாது, காலை வெயில் விழ வேண்டும், எலி நுழையக்கூடாது. கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வேண்டும். அந்தக் காற்று உறங்கும் புறாவின் மேல் நேராக அடிக்கக்கூடாது. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் அம்மோனியா வாடை ஏறினால் புறா அதிகம், அல்லது காற்று போதவில்லை. பெரும்பாலும் இரண்டும்தான்.

இந்தக் காற்று உங்களுக்கும் பொருந்தும். புறாவின் இறகிலிருந்து மாவு போன்ற ஒரு வெள்ளைத் தூள் ஓயாமல் உதிரும். புறாக்கள் குளித்துவிட்டுப் போன தொட்டியைப் பாருங்கள், தண்ணீரின் மேல் வெள்ளைப் படலம் மிதக்கும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டும்போது எழும் தூசியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இவற்றிலுள்ள புரதங்கள் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்று மருத்துவ இதழ்களில் 1965இலேயே பதிவான ஒன்று இது. நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் அல்ல. ஆனாலும் புறாவுக்கு மருந்து வாங்க வந்து நிற்பவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை இருமினால் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

இந்த நோய் ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். காலையில் கூட்டைச் சுத்தம் செய்வீர்கள், ஒன்றும் ஆகாது. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சு முட்டல் வரும். ஓரிரு நாளில் தானாகத் தணிந்துவிடும். சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடுவோம். காலை வேலையையும் மாலைக் காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இன்னொரு வகை இதைவிட மோசம். காய்ச்சலே இருக்காது. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு இரைக்கும், உடம்பு எடை குறையும், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இப்படியே வருடங்கள் போனால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், அதைத் திருப்ப முடியாது.

ஆகவே எச்சத்தைச் சுரண்டும் முன் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்குங்கள், காய்ந்தபடி பெருக்காதீர்கள். துணி முகமூடி போதாது, என்95 தரத்தில் முகத்தோடு ஒட்டி நிற்கும் முகமூடி வேண்டும். கூட்டுக்கென்று தனிச் சட்டையும் தொப்பியும் வைத்து அவற்றை வெளியிலேயே கழற்றுங்கள், வீட்டுக்குள் கொண்டுபோனால் மனைவியும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார். நாற்காலியை வெளியே போடுங்கள், புறா பறப்பதை வெளியிலிருந்துதானே பார்க்க முடியும்! இதையெல்லாம்விட முக்கியம், எந்தக் காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், ‘வீட்டில் புறா வளர்க்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கிளாமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா பறவையிடமிருந்து மனிதனுக்குத் தொற்றி நிமோனியா வரை கொண்டுபோகும். அதற்குக் கேட்கும் மருந்தும் எல்லா நிமோனியாவுக்கும் கொடுப்பதல்ல.

இனி தீவனம். வளர்ந்த ஹோமருக்கு ஒரு நாளைக்குச் சுமார் முப்பது கிராம் தானியம் போதும். மக்காச்சோளம், கோதுமை, சோளம், பட்டாணி கலந்து போடலாம், தானியத்தை அரைக்கப் புறா விழுங்கும் சிறு கல், சிப்பித் துண்டுகளான கிரிட் எப்போதும் இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தீவனம் கிடக்கும் கூட்டுப் புறா உங்கள் பேச்சைக் கேட்காது. பறந்து வந்து கூரையிலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. புறாவைப் பழக்குவதில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதலில் பறக்கவிடுங்கள், இறங்கும் நேரத்தில் விசில் அடித்து டப்பாவைக் குலுக்குங்கள், உள்ளே வந்த பிறகு தீவனம் போடுங்கள். தானியத்தைத் தேர்ந்தெடுத்துப் பொறுக்கத் தொடங்கினால் வயிறு நிறைந்துவிட்டது, அதோடு நிறுத்துங்கள். பட்டினி போடச் சொல்லவில்லை, பசியோடு வீடு திரும்ப வையுங்கள் என்கிறேன்.

விலைக்கு வாங்கிய பெரிய புறாவைத் திறந்துவிடாதீர்கள். அது பழைய கூட்டுக்குத்தான் போகும். அதை உள்ளேயே வைத்துக் குஞ்சு எடுங்கள், பறக்க வேண்டியது அந்தக் குஞ்சுகள். நாலைந்து வாரக் குஞ்சை, இறக்கை பலப்படும் முன், கூட்டின் மேல் கம்பிக் கூண்டில் சில நாள் வைத்து அக்கம்பக்கத்தைப் பார்க்கவிடுங்கள். பிறகு தானாக வெளியே வந்து உள்ளே போகக் கற்றுக்கொள்ளும். சில வாரங்களில் கூட்டமாகப் பறந்து அரை மணி நேரம், ஒரு மணி நேரம் கண்ணில் படாமல் சுற்றிவிட்டு வரும். அந்தக் கட்டத்துக்கு வராத கூட்டத்துக்கு டாஸ் போடக்கூடாது, அதாவது கூடையில் வைத்துத் தூரமாகக் கொண்டுபோய்த் திறந்துவிடக்கூடாது.

முதல் டாஸ் இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். அதே திசையில் ஐந்து, பத்து, இருபது என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். காலையிலேயே விடுங்கள், வழி தவறினாலும் தேடிவரப் பகல் மிச்சமிருக்கும். கூடையைத் திறந்த வெளியில் வைத்துக் கால் மணி நேரம் வானத்தைப் பார்க்கவிட்டுப் பிறகு மூடியைத் திறங்கள். கொஞ்ச தூரம் கூட்டமாகப் பழகியதும் ஒவ்வொன்றாகத் தனியே விடும் சிங்கிள் டாஸ் போட வேண்டும். இல்லாவிட்டால் வழி தெரிந்த ஒன்றிரண்டின் பின்னால் மற்றவை சும்மா பறந்து வரும். மூடுபனி, மழை, கனத்த மேகம் இருந்தால் கூடையைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கீட்டன் 1971இல் வெளியிட்ட சோதனையில், முதுகில் சிறு காந்தம் கட்டிய புறாக்கள் வெயிலில் சரியாகத் திசை பிடித்தன, மேகமூட்டத்தில் தடுமாறின. சூரியன் தெரியும்போது அதைப் பார்த்துப் பறக்கின்றன, மறைந்தால் பூமியின் காந்தப் புலத்தை நம்புகின்றன என்று இதிலிருந்து புரிந்துகொண்டார்கள். அனுபவமில்லாத குஞ்சுக்கு இரண்டும் கைவர நாளாகும். இறகு உதிர்க்கும் பருவத்திலும் டாஸ் வேண்டாம்.

கிராமத்தில் இன்னொரு ஆபத்து வயல். கூட்டில் தாது உப்பும் கிரிட்டும் இல்லாத புறா அதைத் தேடி வயலில் இறங்கும். மருந்து கலந்து விதைத்த விதையைத் தின்று வந்த புறாக்கள் ஒரே மாலையில் வரிசையாக விழும். என்னிடம் கொண்டுவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு புறாவையும் கையில் எடுங்கள். கால்களை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே விட்டு, கட்டைவிரலை இறக்கை நுனிகளின் மேல் போட்டால் துள்ளாது. மறு கையால் நெஞ்செலும்பைத் தடவுங்கள், கத்திமுனை போலத் தட்டுப்பட்டால் இளைத்திருக்கிறது. அலகை மெல்லத் திறந்து வெளிச்சத்தில் தொண்டையைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல ஒட்டியிருந்தால் கேங்கர் என்ற தொண்டை நோய், அதைச் சுரண்டி எடுக்காதீர்கள், ரத்தம் கொட்டும். குடிநீர் வழியாகவும், பெற்றோர் தொண்டைப்பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும் பால் வழியாகவும் இது பரவும் என்பதால் மொத்தக் கூட்டுக்கும் மருந்து தேவைப்படலாம். தண்ணீராகக் கழிவதும், கழுத்து முறுக்குவதும், தானியத்தைக் குறி தவறிக் கொத்துவதும் பாரமிக்சோ என்ற வைரஸ் நோயின் அறிகுறிகள். இதற்கு மருந்து கிடையாது, வருடாந்தரத் தடுப்பூசி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் பொடியை தண்ணீரில் கலக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்பே யோசிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஹோமர் பத்து, பதினைந்து வருடம்கூட இருக்கும். அறுபதில் தொடங்கினால் எழுபத்தைந்திலும் உங்கள் கூட்டில் புறா இருக்கும். நடுவில் பிள்ளைகளோடு போய்ச் சேர வேண்டி வந்தால் நாயைப்போல இதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. போன இடத்தில் திறந்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பும், அங்கே கூடு இல்லாவிட்டாலும் அதே கூரையில் வந்து உட்காரும். அதனால் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள், வீட்டை விற்க வேண்டி வந்தால் பெரிய புறாக்களை உள்ளேயே வைத்துக் குஞ்சு எடுக்கச் சம்மதிப்பவரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க நேர்ந்தாலும் கூடு நடக்க வேண்டுமே! பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவரை வாரம் ஒரு நாள் வரச்சொல்லி, உங்கள் விசிலை அவர் அடித்து, அவர் கையால் தீவனம் போட்டுப் பழக்கிவிடுங்கள். அவருக்கும் ஒரு முகமூடி வாங்கிக் கொடுங்கள்.