இழைப்புளியால் சீவும் மீன்

கியோட்டோவின் நிஷிகி சந்தை ஒரே ஒரு குறுகிய தெரு. சுமார் 400 மீட்டர் நீளம். மேலே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கூரை. நிலத்தடியில் குளிர்ந்த நீர் கிடைத்ததால்தான் மீன் வியாபாரிகள் இங்கே கடை விரித்தார்கள். ஐஸ் இல்லாத காலத்தில் கிணற்று நீரே மீனைக் கெடாமல் வைத்தது. இன்றைய கூட்டம் பெரும்பாலும் குச்சியில் செருகிய குட்டி ஆக்டோபஸ் முன்னால் முண்டியடிக்கிறது. அது கிடக்கட்டும். நிற்க வேண்டிய இடம் உலர்பொருள் கடை.

அங்கே ஒரு சாண் நீளத்தில் பழுப்புக் கட்டைகள் அடுக்கியிருக்கும். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டக்' என்று காய்ந்த மரத்தின் ஓசை வரும். ஆனால் அது சூரை மீன். பெயர் காட்சுவோபுஷி. கத்திக்கு மசியாது. இழைப்புளியைக் கவிழ்த்துப் பொருத்திய மரப்பெட்டியின் மேல் கட்டையை வைத்துத் தேய்க்கிறார்கள். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய, இளஞ்சிவப்புச் சீவல்கள் கீழே உள்ள இழுப்பறையில் விழுகின்றன.

மீனை இப்படிக் கட்டையாக்குவது கெடாமல் வைக்க மட்டுமல்ல. மீன் இறந்ததும் அதன் தசையில் ஆற்றலைத் தாங்கி நிற்கும் ஏடிபி என்னும் மூலக்கூறு படிப்படியாகச் சிதைகிறது. நடுவில் வரும் ஒரு படி இனோசினேட். சுவை அங்கேதான். நொதிகளை அப்படியே விட்டால் இனோசினேட்டையும் உடைத்துவிடும். சுவை போய் லேசான கசப்பு மிஞ்சும். அதனால் மீன் துண்டங்களைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேகவைக்கிறார்கள். நொதியும் புரதம்தானே, வெப்பத்தில் உருக்குலைந்து செயலற்றுப் போகிறது. இனோசினேட் தப்பிக்கிறது.

அடுத்து முள் நீக்கி, ஓக் போன்ற கடினமான மரங்களை எரித்துப் புகையூட்டுகிறார்கள். ஒரேயடியாக அல்ல, புகை, ஓய்வு, மறுபடி புகை. ஓய்வு நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வருகிறது. புகையிலுள்ள பீனால்கள் கொழுப்பு சிக்கடிக்காமல் தடுக்கின்றன. மலிவான சீவல் பொட்டலங்கள் பல இந்தக் கட்டத்தோடு நின்றுவிட்டவை.

உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சை வேண்டும். உணவில் பூஞ்சை என்றாலே நாம் முகம் சுளிப்போம். இங்கே அதுதான் கூலி கேட்காத வேலையாள். ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்தின் தேர்ந்தெடுத்த வகை ஒன்றைக் கட்டையின்மேல் வளரவிடுகிறார்கள். அது ஈரம் தேடி உள்ளே இழை பாய்ச்சுகிறது. அதன் நொதிகள் கொழுப்பை உடைக்கின்றன. இதில் காய்ச்சும் சாறு எண்ணெய் மிதக்காமல் தெளிவாக இருப்பது அதனால்தான். வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சை ஏற்றி, மறுபடி காயவைத்து, மாதக்கணக்கில் இது நீளும். பச்சை மீனின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். முடிவில் 20 சதவீதத்துக்கும் குறைவு.

சீவலோடு கோம்பு என்னும் கடற்பாசியையும் சேர்த்து 'தாஷி' என்னும் சாறு காய்ச்சுகிறார்கள். கோம்பின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908இல் கிகுனாயே இகேடா கண்டறிந்தார். காட்சுவோபுஷியில் இனோசினேட்டை 1913இல் அடையாளம் கண்டவர் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா. தனித்தனியே சுவைத்தால் இரண்டும் சுமார்தான். கலந்தால் உமாமி, அதாவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தவிர்த்த ஐந்தாவது அடிப்படைச் சுவை, பல மடங்கு ஏறுகிறது. நாக்கிலுள்ள சுவை ஏற்பிக்கு வாய்போல் ஒரு பிளவு உண்டு. குளுட்டமேட் அதற்குள் அமர்ந்ததும் பிளவு மூடிக்கொள்கிறது. பக்கத்தில் வந்து ஒட்டும் இனோசினேட் அதற்குத் தாழ்ப்பாள் போடுகிறது. மூடியபடி நிற்கும் ஏற்பி மூளைக்கு வலுவாகச் செய்தி அனுப்புகிறது.

இந்த மீன் நமக்கு அந்நியமல்ல. இலங்கையில் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசியும் சூரைதான். மாலத்தீவில் அதை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். பூஞ்சைக் கட்டம் மட்டும் கிடையாது.

ஒகோனோமியாகி போன்ற சூடான பண்டத்தின்மேல் தூவிய சீவல் உயிருள்ளதுபோல் நெளிவதையும் பார்த்திருப்பீர்கள். எல்லா இடத்திலும் ஒரே கனமில்லாத அந்தச் சீவல், ஆவியை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சுகிறது; அதற்கேற்பச் சுருண்டு விரிகிறது. வாங்குவதானால் என் ஓட்டு கட்டைக்கே. சீவியதும் காற்றுபடும் பரப்பு பெருகி, மணம் வேகமாகப் போய்விடும். பொட்டலங்களில் நைட்ரஜனை அடைத்து விற்பது இதற்காகத்தான். பிரித்த பிறகு அந்தப் பாதுகாப்பும் இல்லை.