சொல்லின் வாலில் ஒளிந்திருக்கும் இலக்கணம்

ஷென்ஜென் நகரில் மின்னணு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு சீனப் பொறியாளர். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினால் காற்புள்ளிகூடத் தப்பாது. பேச ஆரம்பித்தாலோ "யெஸ்டர்டே ஹி கோ டு ஃபேக்டரி" என்கிறார். பெண் மேலாளரை 'ஹி' என்கிறார், உடல்நலமில்லாத வாசகரின் அப்பாவை, "ஷி இஸ் ஓகே நவ்?" என்று அக்கறையோடு விசாரிக்கிறார். "மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்தவராம். இது கவனக்குறைவா, அலட்சியமா?" என்பது கேள்வி.

இரண்டும் இல்லை. அப்பாவுக்கு 'ஷி' கிடைத்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. மாண்டரின் சீனத்தில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டும் மூன்றுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. அதிலும் 'அவள்' என்பதற்கான வடிவம் நேற்று வந்தது போன்றது. லியு பான்நோங் என்ற கவிஞர் 1920 வாக்கில் அதைக் கவிதையில் பயன்படுத்திப் பரப்பினார். ஆகவே சீனர் ஒருவர் பேசத் தொடங்கும்போது, ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவர் மூளைக்குப் பழக்கமே இல்லை. எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, பேசும்போது இல்லை. அவ்வளவுதான்.

'யெஸ்டர்டே ஹி கோ' அப்படி எளிதில் முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை எல்லோருக்கும் தெரியும்: சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. 'நேற்று நான் போ, நாளை நான் போ' என்பதுபோல அமைத்தால் போதும்; 'நேற்று' என்று சொன்ன பிறகு வினையும் அதையே திரும்பச் சொல்வானேன்? 'லெ' என்றொரு துணைச்சொல் உண்டு. அதை இறந்தகாலக் குறி என்று பாதிப்பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அது செயல் முடிந்ததைக் காட்டுவது. 'நாளை சாப்பிட்டுவிட்டுப் போவேன்' என்னும் வாக்கியத்தின் சீன வடிவத்திலும் அந்த 'லெ' வரும், நம் 'விட்டு' போல. பன்மைக்கும் இதே சிக்கனம்தான். 'மூன்று' என்று சொல்லிவிட்டால் புத்தகம் புத்தகமாகவே இருக்கலாம். இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்து மரம், இருபது ரூபாய் என்றுதானே நாமும் சொல்கிறோம்?

ஆனால் இந்த விடை பாதிதான். விதி தெரியாதவர் தவறு செய்தால் இது பொருந்தும். நம் பொறியாளருக்கு விதி தெரியும். தேர்வு வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவார். தெரிந்த விதி ஏன் நாக்குக்கு வரவில்லை? இதற்குக் காதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாண்டரினில் ஓர் அசை எப்படி முடியலாம் என்பதற்குக் கடும் கட்டுப்பாடு. உயிரொலியில் முடியலாம்; 'ன்', 'ங்' என்ற இரண்டு மெல்லொலிகளில் முடியலாம்; பெய்ஜிங் பக்கம் நாக்கை மடித்து ஒரு 'ர்' சேர்ப்பார்கள். தீர்ந்தது. க், ட், ப், ஸ் எதுவும் கடைசியில் நிற்கக் கூடாது. இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பது பற்றிப் பேச்சே இல்லை. இதனால் தொனியை, அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, கணக்கில் எடுக்காவிட்டால் அந்த மொழியில் இருப்பவை ஏறக்குறைய 400 அசைகள்தான். தொனியோடு எண்ணினாலும் 1,300 அளவில் நின்றுவிடும். ஆங்கிலத்திலோ 'டெக்ஸ்ட்ஸ்' என்பது ஒரே அசை, வாலில் வரிசையாக நான்கு மெய்கள்.

ஆங்கிலம் தன் இலக்கணத்தை எங்கே வைத்திருக்கிறது என்று இப்போது பாருங்கள். இறந்தகாலத்தின் 'ட்', பன்மையின் 'ஸ்', 'ஹி வாக்ஸ்' என்பதில் வரும் 'ஸ்', உடைமையைக் காட்டும் 'ஸ்' எல்லாம் சொல்லின் வாலில். சீனக் காது எந்த இடத்தில் எதையும் எதிர்பார்க்காதோ, சரியாக அந்த இடத்தில் ஆங்கிலம் தன் நகைகளை ஒளித்து வைத்திருக்கிறது.

பழக்கமில்லாத வால் வந்தால் ஒரு மொழி இரண்டில் ஒன்றைச் செய்யும்: வெட்டிவிடும், அல்லது ஓர் உயிரைச் சேர்த்துப் புது அசையாக்கும். ஷேக்ஸ்பியர் சீனத்தில் 'ஷாஷிபியா'. 'க்' வெட்டுப்பட்டது, 'ஸ்' ஓர் உயிரைப் பெற்று 'ஷி' ஆனது, கடைசி 'ர்' கரைந்தது. நாமும் யோக்கியமில்லை. சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் 11 என்று தொல்காப்பியம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதில் வல்லினம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் பேங்க் நம் வாயில் 'பேங்கு' ஆகிறது.

இதை நாக்கின் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். எம்மானுவேல் டுப்பூ என்ற உளவியலாளரின் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 'எப்ஸோ' போன்ற பொருளற்ற சொற்களை ஜப்பானியர்களுக்கு ஒலிக்கவிட்டார்கள். ஜப்பானிய மொழியிலும் இப்படி மெய்கள் ஒட்டி நிற்காது. கேட்டவர்கள், நடுவில் ஒரு 'உ' இருப்பதாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவில் அப்படி ஓர் 'உ' இல்லவே இல்லை. அதாவது திருத்தம் வாயில் நடக்கவில்லை. கேட்கும் கணத்திலேயே மூளை அதைத் தன் மொழிக்கு ஏற்றபடி செய்துவிடுகிறது. சல்லடையில் என்ன விழுந்தது என்பது நமக்குத் தெரியாது. தங்கியதுதான் நமக்கு ஒலி.

இன்னொரு கொடுமையும் உண்டு. 'ஐ வாக்ட் டு ஸ்கூல்' என்பதை ஓர் ஆங்கிலேயர் வேகமாகச் சொல்லும்போது என்ன நடக்கிறது? 'வாக்ட்' என்பதன் 'ட்' சொல்ல நாக்கு நுனி மேலே போகிறது. அடுத்த சொல்லும் அதே இடத்தில் தொடங்குவதால் அங்கேயே நின்றுவிட்டு, ஒரே முறை வெடித்து விடுபடுகிறது. 'வாக் டு ஸ்கூல்' என்று சொன்னாலும் ஏறக்குறைய இதேதான். காற்றில் வரும் அலையில் இறந்தகாலம் அநேகமாக இல்லை! பிறகு ஆங்கிலேயர்கள் மட்டும் அதை எப்படிக் கேட்கிறார்கள்?

கேட்கவில்லை என்பதே விடை. நிரப்பிக்கொள்கிறார்கள்.

ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் 1970இல் செய்த சோதனை இதற்குச் சாட்சி. ஒரு வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் முதல் 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு இருமல் கேட்டது; 'ஸ்' ஒலியும் கேட்டது. எந்த ஒலி காணாமல் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகக் காட்ட முடியவில்லை. அந்தச் சொல்லை அறிந்த மூளை, இல்லாத ஒலியைத் தானே உற்பத்தி செய்து காதில் கேட்டதாகக் கணக்கு எழுதிவிட்டது. இந்தச் சோதனையைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். நாம் 'கேட்டேன்' என்று சத்தியம் செய்பவற்றில் எவ்வளவு நம் சொந்தச் சரக்கு!

இப்போது முடிச்சு தெரிகிறதா? வாலில் இருக்கும் ஒலியைக் கேட்க இலக்கணம் உள்ளே ஊறியிருக்க வேண்டும். இலக்கணம் ஊற வேண்டுமானால் அந்த ஒலியை ஆயிரம் முறை கேட்டிருக்க வேண்டும். ஆங்கிலேயக் குழந்தை இந்த வட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்கிறது. சீன மாணவர் வெளியே நிற்கிறார், கையில் இலக்கணப் புத்தகத்தோடு.

டோனா லார்டியேர் என்ற மொழியியலாளர், சீன மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார். ஆய்வில் அந்தப் பெண்ணுக்குப் 'பேட்டி' (Patty) என்று புனைபெயர். அமெரிக்காவில் நீண்ட காலம் வாழ்ந்தவர், தடையின்றி ஆங்கிலம் பேசியவர். ஆனால் இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 34 விழுக்காட்டில்தான் அது வந்தது. அதே பெண், 'ஹி' எங்கே, 'ஹிம்' எங்கே என்பதில் ஒரு முறைகூடத் தவறவில்லை. இலக்கணமே ஏறாதவர் என்றால் அதுவும் கோணலாகியிருக்க வேண்டுமே? 'ஹிம்' முழு அசை, காதுக்குத் தப்பாது. 'வாக்ட்' என்பதன் 'ட்' தப்பிவிடுகிறது. எழுத்தில் பேட்டியின் இறந்தகாலம் பேச்சைவிடக் கணிசமாக மேலாக இருந்தது. ஷென்ஜென் பொறியாளர் நினைவுக்கு வருகிறாரா?

காதே முழுக் காரணம் என்று சொன்னால் ஆய்வாளர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், நியாயமாகவே. 'கோ–வென்ட்' போல உருவமே மாறும் வினைகள் காதுக்குத் தெளிவானவை. அவற்றிலும் பேட்டி தடுமாறினார், ஆனால் குறைவாக. வாசிப்பும் சாட்சி சொல்கிறது. நன் ஜியாங் (Nan Jiang) என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சீன மாணவர்கள் ஆங்கில வாக்கியங்களைக் கணினித் திரையில் சொல் சொல்லாகப் படித்தார்கள். ஒருமை பன்மை பொருந்தாத இடத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் வாசிப்பு ஒரு நொடியின் சிறு பகுதி தயங்கும்; கல் தட்டிய கால் போல. சீன மாணவர்கள் தயங்கவே இல்லை. எழுத்து கண்ணுக்கு முன்னால் அச்சாக நிற்கிறது, விதியும் மனப்பாடம், இருந்தும் மூளை அந்தச் 'ஸ்' எழுத்தைப் பொருட்படுத்தவில்லை. வாலில் பொருள் எதுவும் இருக்காது என்று தாய்மொழி சொல்லிக்கொடுத்த பாடம், கண்ணுக்கும் பரவிவிட்டது என்று நான் இதைப் படிக்கிறேன்.

சீனாவின் தேர்வு முறை இதற்கு உதவவில்லை. கவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். பெரும்பாலான மாகாணங்களில் அதில் 30 கேட்டல் பகுதிக்கு. அந்த நேரத்தில் தேர்வு மையங்களைச் சுற்றி வாகனங்கள் ஹாரன் அடிக்கத் தடை இருக்கும். இவ்வளவு மரியாதை கொடுத்தும் கேட்கப்படுவது பெரும்பாலும் 'ரயில் எத்தனை மணிக்கு', 'இருவரும் எங்கே பேசிக்கொள்கிறார்கள்' என்ற வகைக் கேள்விகள். முக்கியச் சொல் இரண்டைப் பிடித்தால் விடை வந்துவிடும். வாலைக் கேட்க அவசியமே இல்லை. படிக்கத் தெரியும், பேசத் தெரியாது என்ற நிலைக்குச் சீனர்களே வைத்திருக்கும் பெயர் 'யாபா யிங்யூ', ஊமை ஆங்கிலம். எனக்கென்னவோ ஊமை என்பதைவிடச் செவிடு என்பது பொருத்தமாகப் படுகிறது.

தேர்வு என்றதும் நினைவு வருகிறது. அன்று பிள்ளைகளை வழியனுப்பும் தாய்மார்கள் பலர் 'சிபாவ்' என்ற மரபு உடை அணிந்து வருவார்கள். அதன் முதல் எழுத்து, 'கொடி ஏறியதும் வெற்றி' என்று பொருள்படும் மரபுத்தொடரின் முதல் எழுத்தும்கூட. நான்கு என்ற எண் சாவு என்ற சொல்லைப் போல ஒலிப்பதால் ஆகாது. எட்டு, செல்வம் பெருகுவதை நினைவூட்டுவதால் ஆகும். நம் ராகுகாலத்தைப் போலவே இதுவும் வெறும் மூடநம்பிக்கைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வகை மூடநம்பிக்கைக்கு ஒலியியல் விளக்கம் இருக்கிறது என்பதில் எனக்கு ரகசிய மகிழ்ச்சி. 400 அசைகளை வைத்துக்கொண்டு ஒரு நாகரிகமே பேச வேண்டுமென்றால் ஒத்த ஒலிச் சொற்கள் குவியத்தானே செய்யும்? சொல்லின் வாலை வெட்டிய அதே கத்திதான், லிஃப்டில் நான்காம் மாடிக்கான பொத்தானையும் வெட்டியது.

சரி, என்ன செய்யலாம்? ஜப்பானியர்களுக்கு 'ர', 'ல' வேறுபாட்டைக் கற்பிக்க 1991இல் ஜான் லோகன், ஸ்காட் லைவ்லி, டேவிட் பிசோனி மூவரும் ஒரு வழி காட்டினார்கள். ஒரே ஆசிரியரின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்காமல், பல குரல்களில், பல சொற்களில், சொல்லின் பல இடங்களில் அந்த ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று உடனே சொன்னார்கள். சில வாரங்களில் வளர்ந்தவர்களின் காதும் அசைந்து கொடுத்தது. வேறுபாடுகள் நிறைய இருந்தால்தான், எது மாறாமல் நிற்கிறது என்பதை மூளை பிரித்தெடுக்கும். இதற்குத் துகள் முடுக்கி தேவையில்லை. அமைதியான ஓர் அறை, ஒரு ஹெட்போன், பொறுமையான ஓர் ஆய்வு மாணவர் போதும். இருந்தும், மொழிக் கல்விக்கான பணத்தைப் பளபளப்பான செயலிகளில் கொட்ட ஆள் இருக்கிறது, இதற்குக் கொடுக்க ஆள் இல்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

வாசகரின் நண்பருக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சீனப் பள்ளிகளில் 'திங்ஷியே' என்பார்கள். கேட்டு எழுதுவது, நம் ஊர் 'டிக்டேஷன்'. அதை முழுதாக எழுதாமல் வாலுக்கு மட்டும் செய்யலாம். ஒரு நிமிட உரையாடலின் எழுத்து வடிவத்தில் வினைகளின், பெயர்களின் ஈறுகளை மட்டும் வேறொருவர் அழித்துக் கொடுக்கட்டும். இவர் கேட்டு நிரப்பட்டும். காதில் விழாத இடத்தில் 'நேற்று' என்ற சொல் வந்ததா, எண் வந்ததா என்று பார்த்து ஊகிக்கட்டும். பிறகு விடையைப் பார்த்துவிட்டு அதே ஒலிப்பதிவை உடனே மறுபடி கேட்கட்டும். இல்லாத 'ட்' அப்போது கேட்கத் தொடங்கும். வாரனின் இருமல் செய்த வேலைதான். மறுநாள் வேறு குரல். இலக்கணம், கேட்டல், வாசிப்பு என்று மூன்று புத்தகம் வாங்க வேண்டாம். மூன்றும் இதில் ஒரே பயிற்சி.

நண்பரைப் பார்த்துச் சிரிக்கும் எண்ணம் வாசகருக்கு இருந்தால், அவரிடமே ஒரு சோதனை கேட்டுப் பார்க்கட்டும். மாண்டரினில் 'பா' என்று நமக்கு ஒலிப்பவை இரண்டு உண்டு. ஒன்றில் உதடு பிரியும்போது மூச்சு பீறிடும், மற்றதில் பீறிடாது. முதலாவது 'படுத்துக்கொள்', இரண்டாவது 'எட்டு'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லட்டும். இவர் விரல் காட்டட்டும். எனக்கு ஒரு சீன மாணவி இப்படி வைத்த தேர்வில் பத்துக்கு ஐந்து வந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே ஐந்துதான் வந்திருக்கும்.